ஆணி அடிக்காத மழைக்காலம்

நன்னிலத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே குடை தெரிந்துவிடும். வெயிலோ மழையோ, விரித்த குடை. அதன் கீழே என் வீட்டில் குடியிருந்தவர் நிற்பார். நான் படியில் கால் வைத்ததும் ஒரு தரம் செருமிக்கொண்டு, பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அன்றைய குறையைச் சொல்வார்.

“டீச்சரம்மா, கிணத்து ராட்டினம் கத்துது.”

மறுநாள், “டீச்சரம்மா, கொல்லைக் கதவு கீழ இத்துப் போச்சு. நாய் உள்ள வருது.”

அதற்கடுத்த வாரம் குளிக்கிற இடத்துக் கல் ஆடும். முற்றத்துத் தண்ணி போகிற தூம்பு அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்துவிட்டு, “ரிப்பேர் வீட்டுக்காரங்க பொறுப்பு. ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்” என்று திரும்பி நடப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் இறங்கும்போது கண்டக்டரே, “ராட்டினம் சரியாயிடுச்சுங்களா டீச்சர்?” என்று கேட்டார். அவரையும் சேர்த்து முறைத்துவிட்டு இறங்கினேன்.

அந்த வீடு என் அப்பா எனக்குக் கல்யாணத்தில் கொடுத்தது. நன்னிலத்தில், நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். முன்கட்டு, நடுவில் முற்றம், பின்கட்டு, கொல்லையில் கிணறு. கூரை நாட்டு ஓடு. கொடுக்கும்போதே உள்ளே ஆள் இருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவரும் அவர் மனைவியும். குழந்தை கிடையாது. வாடகையில் ஒரு நாள் தவறியதில்லை. பிறகு கேஸ் போட்டபோது அதுதான் எங்கள் வக்கீலுக்குப் பெரிய வருத்தம்.

அப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணம் நிலம். கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று கிராமம் கிராமமாக விசாரணை நடந்த காலம் அது. ஒரு பக்கம் அறுப்புக் கூலிக்காகக் கொடி பிடித்து வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொரு பக்கம் களத்துமேட்டில் போலீஸ் வேன் நிற்கும். அப்பாவின் நிலத்தை வேறு ஒருவர் பல வருஷமாக உழுதுகொண்டிருந்தார். அப்பா விசாரணையில் “சொந்த சாகுபடி” என்று சொன்னார். விசாரிக்க வந்த அதிகாரி அப்பா கொடுத்த மோரைக்கூடத் தொடாமல் நேரே வயலில் இறங்கி, மடை திறந்துகொண்டிருந்த ஆளிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, உழுதவர் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த அதிகாரிதான் பிறகு ரிட்டயராகி, இவர் இன்னார் என்று தெரியாத தரகர் மூலமாக எங்கள் வீட்டிலேயே குடிவந்தவர்.

“என் நிலத்துலேருந்து ஒருத்தனை எழுப்ப முடியாம பண்ணினவன், என் வீட்டுலேயே வந்து உக்காந்துட்டான்” என்பார் அப்பா. சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு இல்லாமல் மோர் சாதத்துக்கு வர மாட்டார்.

எனக்கு அப்பாவின் கோபத்தில் பங்கில்லை. எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. புகுந்த வீடு வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். தினம் காலையில் நின்றுகொண்டே பஸ் பயணம், சாயங்காலம் அதே மாதிரி. குடவாசலைத் தாண்டினால் ரோடு என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. முதல் தடவை உண்டானபோது அந்தப் பஸ்ஸில்தான் போய் வந்தேன். நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது. டாக்டரம்மா ஏதேதோ காரணம் சொன்னார். என் மாமியார் வேறு காரணம் சொன்னார். நான் பஸ்ஸைத்தான் நம்பினேன். அடுத்தது தங்குவதற்குள் அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

குடியிருந்தவரிடம் நேரில் போய்க் கேட்டேன். “எங்களுக்கே வேணும் சார். நாங்க குடி வரப் போறோம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் சர்வீஸ்ல சொந்த சாகுபடின்னு சொல்லாத ஒரு மிராசுதாரைக்கூட நான் பார்த்ததில்ல டீச்சரம்மா. இருக்கிறவனை எழுப்பிட்டு, மறு போகத்துக்குக் கூடுதலா குடுக்கிறவனை விடுவாங்க. நீங்க சொந்த உபயோகம்ங்கிறீங்க. நிரூபிங்க, நான் போயிடறேன்.”

கலைந்த பிள்ளையை எப்படி நிரூபிப்பது? எழுந்து வந்துவிட்டேன். என் கணவர் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்தவர், சாது. “கேஸ் போட்டுடலாமா?” என்று அவர் மெதுவாகக் கேட்டபோது, “இன்னைக்கே போடுங்க” என்றேன்.

கேஸ் போட்டதும் குடியிருந்தவர் சும்மா இருப்பாரா? வீடு பழுதாகக் கிடக்கிறது, வீட்டுக்காரர் கவனிப்பதில்லை என்று எதிர்மனு போட்டார். எங்கள் வக்கீல் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “கேஸ் நடக்கும்போதுதான் நீங்க ஒழுங்கா ரிப்பேர் பண்ணிக் குடுக்கணும். இல்லேன்னா, இடைஞ்சல் பண்ணி வெளியேத்தப் பார்க்கிறாங்கன்னு அவர் சொல்வார். ஜட்ஜ் அவர் பக்கம் சாய்ஞ்சுடுவார்” என்றார்.

இப்படி ஒரு கொடுமை உண்டா? வீட்டை விட்டுப் போ என்று ஒரு கையால் மனு கொடுத்துவிட்டு, மறு கையால் அவருடைய ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டேன். கொல்லைக் கதவுக்குப் புதுப் பலகை அடித்துக் கொடுத்தேன். கல்லைப் பெயர்த்துப் பதித்தேன். அவர் ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று பார்த்து, சரியாக இருந்தால் தலையாட்டுவார். நன்றி என்ற வார்த்தை கிடையாது. அவர் மனைவி மட்டும் பின்னாலிருந்து, “வெயில்ல வந்திருக்கே, தண்ணி குடிச்சுட்டுப் போம்மா” என்பார்.

கடைசியாகக் கூரை வந்தது. பின்கட்டில் ஓட்டைத் தாங்குகிற கைமரங்கள் உளுத்துப் போயிருந்தன. எங்கள் பக்கத்தில் ஓடு பிரித்து வேய்கிற வேலை சித்திரை வைகாசியோடு முடிந்துவிட வேண்டும். கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் நாங்கள் மரம் வாங்கி இறக்கும்போது ஆவணி ஆகிவிட்டது. ஆசாரிக்கு நாள் சொல்லியாகிவிட்டது. அந்த வாரத்தில்தான் எனக்கு நாள் தள்ளிப் போயிருப்பது உறுதியானது.

மாமியார் உடனே வேலையை நிறுத்தச் சொன்னார். மாசமாக இருப்பவளுக்குச் சொந்தமான வீட்டில் கூரை பிரிக்கக் கூடாது. கதவு நிலை மாற்றக் கூடாது. ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. “அவரையே ஆள் வச்சு பண்ணிக்கச் சொல்லி வாடகைல கழிச்சுக்கலாமே?” என்று என் கணவர் கேட்டதற்கு, “எவன் கை அடிச்சா என்னடா? வீடு அவளோடதுதானே” என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். போன தடவை ஊரெல்லாம் சொல்லி வைத்தோம், இந்தத் தடவை வயிறு தெரிகிற வரை வெளியில் மூச்சு விடக் கூடாது.

நான் பிள்ளைகளுக்கு சயின்ஸ் நடத்துகிறவள். ஆணிச் சத்தத்துக்கும் கருப்பைக்கும் சம்பந்தமில்லை என்று கரும்பலகையில் படம் போட்டே விளக்குவேன். ஆனால் ஒன்றைப் பறிகொடுத்தவளிடம் வந்து யாரும் சயின்ஸ் பேச வேண்டாம். ஆசாரியை வர வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் குடை நின்றது.

“டீச்சரம்மா, மரம் வந்து கெடக்குது. ஆசாரியைக் காணோம்.”

“வருவார் சார்.”

“மழை அவருக்காகக் காத்துக்கிட்டு இருக்காது.”

தினமும் இதே பேச்சு. என்னால் காரணம் சொல்ல முடியவில்லை, வேலையும் செய்ய முடியவில்லை. பஸ்ஸில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினால், இந்த மனிதர் கூரையைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். அவருடைய பொறுமையும் தீர்ந்தது. வேண்டுமென்றே கூரையைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கோர்ட்டில் மனு கொடுத்தார். வீட்டைப் பார்வையிட ஒரு இளம் வக்கீலை கமிஷனராகப் போட்டார்கள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை கமிஷனர் வந்தார். நானும் என் கணவரும் ஒரு பக்கம், அவரும் மனைவியும் மறுபக்கம். பின்கட்டில் ஏணி போட்டு ஆசாரி மேலே ஏறினார். கமிஷனர் கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு, “உளுத்திருக்கிறது எவ்வளவுன்னு காட்டுங்க” என்றார். ஆசாரி இடுப்பிலிருந்து சுத்தியலை எடுத்தார். ஒரு இரும்பு ஆணியைக் கைமரத்தில் வைத்தார். இறங்கினால் உளுப்பு, இறங்காவிட்டால் மரம் உறுதி. அது அவர்கள் பார்க்கிற முறை.

“வேண்டாம். அடிக்காதீங்க” என்றேன்.

கமிஷனர் திரும்பிப் பார்த்தார். ஆசாரியின் கை அப்படியே நின்றது. என் கை என்னைக் கேட்காமலேயே வயிற்றுக்குப் போயிருந்தது. நான் எடுப்பதற்குள் அந்த அம்மா பார்த்துவிட்டார். தன் கணவரின் பக்கம் திரும்பி, வேட்டி நுனியைப் பிடித்து லேசாக இழுத்தார். அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே சுத்தியலைப் பார்த்தார்.

“ஆசாரி, எறங்குங்க” என்றார். “பார்த்தது போதும்.”

“சார், மனு போட்டது நீங்கதானே?” என்றார் கமிஷனர்.

“நான்தான். எறங்கச் சொல்றதும் நான்தான்.”

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினேன். குடை இருந்தது, செருமல் இல்லை. பஸ் போகும் வரை காத்திருந்தார். அவர் மெதுவாகப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

“இனிமே இந்தப் பஸ்ல வர வேண்டாம். முன்கட்டைக் காலி பண்ணி வச்சிருக்கோம். நாங்க ரெண்டு பேர்தானே, பின்கட்டு போதும். ஒரு பெட்டியோட வாங்க. குடி வர்றதா இருந்தாத்தான் நல்ல மாசம் பார்க்கணும். விருந்தாளியா வந்து தங்கறதுக்குச் சட்டத்துலயும் தடையில்ல, சாஸ்திரத்துலயும் தடையில்ல.”

“பின்கட்டுதானே சார் ஒழுகும்?”

“ஒரு மூலையிலதான். மனுவுல கொஞ்சம் கூட்டி எழுதிட்டேன்.”

வாழ்நாள் முழுக்க ஒரு சென்ட் நிலத்தைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாத மனிதர். அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அந்த ரோட்டோரத்தில் நின்று அழுதுவிட்டேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அழுது முடிக்கும் வரை எதிரில் இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் வீட்டுக்காரியும் குடித்தனக்காரரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பிக் கோர்ட்டுக்குப் போகிற கூத்து நடந்தது. எங்கள் வக்கீலுக்கு இது தெரிந்தபோது, “இனிமே இந்தக் கேஸை நான் எப்படிம்மா நடத்தறது?” என்றார். அடுத்த வாய்தாவில் ஜட்ஜ் குடித்தனக்காரரைக் கேட்டார், “கூரை ஒழுகுதுன்னு மனு போட்டிருக்கீங்க. கமிஷனரும் பழுதுன்னுதான் எழுதியிருக்கார். ரிப்பேர் பண்ணச் சொல்லி உத்தரவு போடலாமா?”

“இப்ப வேண்டாங்க ஐயா.”

“ஒழுகுதா இல்லையா?”

“ஒழுகுதுங்க. ஆனா இப்ப ரிப்பேர் பண்ணக் கூடாது. சித்திரைக்கு மேல பண்ணிக்கலாம்.”

“ஏன்?”

என் வயிற்றை அந்தக் கூட்டத்தில் சொன்னால் கண் பட்டுவிடும் என்று நினைத்திருக்கிறார். “வீட்டுக்காரங்களுக்கு இப்ப வசதிப்படாது” என்றார். ஜட்ஜ் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு, சித்திரைக்கு மேல் ஒரு தேதிக்குத் தள்ளிவைத்தார். எங்கள் வக்கீல் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அந்த ஐப்பசி கார்த்திகை மாதிரி சுகமான மழைக்காலம் எனக்கு வாய்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவேன், அவர் குடை பிடித்துக்கொண்டு கூட வருவார். குறை சொல்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது குறையெல்லாம் என் மேல். வேகமாக நடக்கிறேன், ஈரப் படியில் கால் வைக்கிறேன், காலையில் காபி மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறேன். “பொறுப்பு வேணும் டீச்சரம்மா” என்பார். அந்த அம்மா எனக்கு மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் கடைசிப் பருக்கையைத் தின்னும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை என் கணவர் வந்தால் அவருக்கும் சேர்த்துப் பந்தி நடக்கும்.

மழை வலுத்தால் மட்டும் முற்றத்துக்கு அப்பால் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் எட்டிப் பார்க்கப் போனால், “சாரல் அடிக்கும், உள்ளே போ” என்று அந்த அம்மா விரட்டுவார். “ஒழுகுதாம்மா?” என்று கேட்டால், “ஒரு மூலையிலதான்” என்று அவரும் அதே பாடத்தைச் சொல்வார். ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் எவ்வளவு என்று தெரியவில்லை.

தையில் அப்பா வந்து என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனார். வளையல் அடுக்கிய கையோடு நான் வண்டியில் ஏறும்போது குடித்தனக்காரர் அப்பாவிடம், “குலுங்காம ஓட்டச் சொல்லுங்க” என்றார். பழைய விசாரணைக்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் நடந்த முதல் பேச்சு அது. அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

பங்குனியில் பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல தொண்டை. தொட்டில் போட்ட அன்று அவரும் மனைவியும் அப்பா வீட்டுக்கே வந்தார்கள். அந்த அம்மா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு நிமிரவே இல்லை. அவர் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செருமினார்.

“டீச்சரம்மா, பின்கட்டுல கைமரம் உளுத்துப் போயிருக்கு. இனிமே பிரிக்கலாம். ரிப்பேர் வீட்டுக்காரங்க பொறுப்பு.”

நான் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

சித்திரையில் ஆசாரியோடு நானும் போனேன். பின்கட்டுக் கதவை அன்றுதான் முழுசாகத் திறந்து பார்த்தேன். சுவரில் மேலிருந்து கீழ் வரை மழைத் தண்ணீர் இறங்கிய கறை. ஒரு மூலையில் இல்லை, நாலு பக்கமும். கட்டிலின் கால்கள் செங்கல் மேல் நின்றன. கட்டிலுக்கு மேலே, வீட்டுக்குள்ளேயே, தென்னங்கீற்றில் ஒரு பந்தல். ஆசாரி அண்ணாந்து பார்த்து, “இது என்னங்க, ஊட்டுக்குள்ள பந்தல் போட்டிருக்கு?” என்றார். பிறகு கிட்டே போய்த் தடவினார். நானும் பார்த்தேன். நாலு மூங்கிலும் மண் நிரப்பிய தொட்டிகளில் நட்டிருந்தது. கீற்றெல்லாம் கயிற்றால் கட்டியிருந்தது. மூங்கிலிலோ சுவரிலோ உத்திரத்திலோ எங்கேயும் ஒரு ஆணி இல்லை.

இரண்டு வயசானவர்கள் அந்தக் கீற்றின் கீழே ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்திருந்திருக்கிறார்கள். முற்றத்துக்கு இந்தப் பக்கம், நனையாத முன்கட்டில், நான் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்தார். பிறகு, “அந்த ஆள் அன்னைக்கு வயல்ல எழுதினதும் சரியாத்தான் எழுதியிருக்கான்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு சாப்பாட்டு இலையில் அந்தப் பேச்சு வரவில்லை.

கேஸை வாபஸ் வாங்கிவிடலாம், எல்லோரும் சேர்ந்தே இருக்கலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருந்தோம். குடித்தனக்காரர் கேட்கவில்லை. கூரை வேலை முடிகிற வரை கூட நின்றார். ஆசாரி பழைய கைமரம் ஒன்றைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கப் பார்த்தபோது விடவில்லை. கடைசி ஓடு வைத்ததும் சாவியை என் கையில் கொடுத்தார். அடுத்த தெருவில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார்.

“எதுக்கு சார்? யார் உங்களைப் போகச் சொன்னா?”

“நீங்கதான். சொந்த உபயோகம்னு மனு போட்டீங்க. நிரூபிச்சா போயிடறேன்னு சொன்னேன்ல?” என்று என் தோளில் கிடந்த குழந்தையைக் காட்டினார்.

அவர்கள் போன மறுவாரம் கோடைமழை பிடித்தது. இடியோடு கொட்டித் தீர்த்தது. நான் குழந்தையோடு பின்கட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. வாசலில் யாரோ செருமுகிற சத்தம் கேட்டது. போய்க் கதவைத் திறந்தால், முழங்கால் வரை நனைந்து குடையோடு நின்றார்.

“ஒழுகுதா?”

“இல்ல சார்.”

“நாலு மூலையும் பார்த்தீங்களா?”

“பார்த்துட்டேன் சார். உள்ள வாங்க.”

“ஒழுகலைன்னா சரி” என்று சொல்லிவிட்டு, மழையிலேயே திரும்பி நடந்தார்.